தோள் மாறிய பொன்னாடை

பிலிப்பைன்ஸுக்கு வந்து வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, எங்கள் சிமெண்ட் ஆலையின் லாரிகள் பத்துப் பன்னிரண்டு மலையிலிருந்து இறங்கும் சாலையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. டிரைவர்கள் என்ஜினை அணைத்துவிட்டு, சாலையோரக் கடையில் ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். விபத்தோ என்று பயந்து, ஆலை வேனிலிருந்து இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். சாலைக்குக் குறுக்கே ஒரு நைலான் கயிறு. அதன் ஒரு முனை மின்கம்பத்தில் கட்டியிருந்தது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் செருப்பும் பூப்போட்ட சட்டையுமாகக் குள்ளமான ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதை பேசிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். ஒரு பிள்ளைகூட ஓடவில்லை. கடைசிப் பிள்ளையும் போனபின் அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினார். லாரிகள் கிளம்பின. ஒவ்வொரு டிரைவரும் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போனார்.

"யார் இவர், பள்ளிக்கூட ஆயாவா?" என்று வேன் டிரைவரைக் கேட்டேன். "கப்பித்தானா" என்றார். இங்கே நம் ஊராட்சியைப் போன்ற அமைப்புக்குப் பராங்காய் என்று பெயர். அதன் தலைவர் ஆணென்றால் கப்பித்தான், பெண்ணென்றால் கப்பித்தானா. எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. "சரி, இவருடைய வீட்டுக்காரர் எங்கே?" என்றேன். டிரைவர் விழித்தார். "கணவர். இவருக்குப் பதிலாகப் பஞ்சாயத்து வேலையைப் பார்க்கிறவர்" என்று விளக்கினேன். அவர் மோட்டார் ரிக்‌ஷா ஓட்டப் போயிருப்பார் என்று பதில் வந்தது. நான் விடவில்லை. "அப்படியானால் ஆலை நிர்வாகம் பேசவேண்டியதை யாரிடம் பேசும்?" டிரைவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, தோளில் கயிற்றோடு நடந்து போகும் அம்மாளை முகவாயால் சுட்டிக் காட்டினார்.

துபாயிலும் குவைத்திலும் இருக்கும் நம் பெரம்பலூர் மாவட்டத்து நண்பர்களே, லெப்பைக்குடிக்காட்டுப் பாய்மார்களே, நீங்கள் பிலிப்பைன்ஸ் பெண்களை நர்ஸாகவும் கடை விற்பனைப் பெண்ணாகவும் பார்த்திருப்பீர்கள். எனக்கு வாய்த்தது வேறு. நான் அவர்களைத் தலைவர்களாகப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். புரிய இரண்டு வருடமும் ஒரு பெரிய அவமானமும் தேவைப்பட்டன. அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று நான் கேட்ட கேள்வி ஏன் பிறந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் தனி மாவட்டமான மறுவருடம், தொண்ணூற்றாறில், உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரை எழுதினால் அண்ணன் கோபித்துக்கொள்வார். ஆகவே இதோடு விட்டுவிடுங்கள். தலைவர் பதவிக்கு நிற்க அண்ணன் பல வருடங்களாகத் தயாராக இருந்தார். கல் ஏற்ற இரண்டு லாரி, வெள்ளை வேட்டி, கல்யாணம் கருமாதி எதையும் விடாமல் போய்வரும் பழக்கம், எல்லாம் இருந்தன. பட்டியல் வந்தபோது எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மறுநாள் அண்ணன் வந்து, "பொம்பளைக்குன்னு எழுதிட்டானுவ. போவட்டும். நம்ம வூட்டுப் பொம்பளையவே நிறுத்திப்புடுவோம்" என்றார்.

அண்ணி, "எனக்குக் கூட்டத்தக் கண்டாலே படபடன்னு வரும்" என்று ஒதுங்கிக்கொண்டார். மிச்சம் இருந்தவள் என் மனைவி கொளஞ்சி. பத்தாவது படித்தவள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேட்புமனுவில் கையெழுத்துப் போடும்போதுதான் எதற்குப் போடுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சுவரொட்டியில் அவள் படம் தபால்தலை அளவுக்கு ஒரு மூலையில் இருந்தது. அண்ணனும் நானும் நடுவில் கைகூப்பி நின்றோம். ஜெயித்தாள். அதாவது, நாங்கள் ஜெயித்தோம் என்று அப்போது பேசிக்கொண்டோம்.

ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்தார். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு ஷிப்ட் வேலை. ஷிப்ட் இல்லாத நேரத்தில் நானும் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். தீர்மானப் புத்தகம் எழுதி முடித்து வீட்டுக்கு வரும். ஊராட்சி எழுத்தர் அடுப்படி வாசலில் நின்று, "அக்கா, பென்சில் போட்ட எடத்துல எல்லாம் போடுங்க" என்பார். கொளஞ்சி மாவுக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போடுவாள். ஒன்றியக் கூட்டத்துக்குப் போனால் உள்ளே நாற்காலிகளில் கணவன்மார்கள் இருப்போம். வெளியே புங்கமரத்தடியில் தலைவிகள் டிபன் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். விழாக்களில் அவள் பெயரைக் கூப்பிட்டால் மேடையேறுவது நான். எங்கள் பீரோவில் ஏழெட்டுப் பொன்னாடைகள் சேர்ந்தன. எல்லாம் என் தோளில் விழுந்தவை. டீக்கடையில் "வாங்க தலைவரே" என்று பெஞ்சைத் துடைத்துவிடுவார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இன்று எழுதக் கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

இரண்டாயிரத்தில் இந்த வேலை வந்தது. லுசோன் தீவின் வடக்கே கடலோரத்தில் ஒரு சிமெண்ட் ஆலை. சூளைப் பிரிவைக் கவனிக்க அனுபவசாலி வேண்டும் என்றார்கள். புறப்படும்போது கொளஞ்சி பெட்டியில் புளி, மிளகாய்த்தூளோடு ஒரு பொன்னாடையையும் வைத்தாள். "யாராச்சும் பெரிய மனுசங்களப் பாத்தா போத்துங்க" என்றாள். ஊரில் அண்ணன் இருக்கிறார், பஞ்சாயத்து தன்னால் நடக்கும் என்ற தைரியத்தில் நான் விமானம் ஏறினேன். மறுவருடத் தேர்தலிலும் ஒதுக்கீடு மாறவில்லை. அண்ணன் மறுபடி கொளஞ்சியை நிறுத்தினார், மறுபடி ஜெயித்தாள். நாற்காலியில் மறுபடி அண்ணன்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. அண்ணன் வீட்டுக்குத்தான் பேசவேண்டும். கொளஞ்சி அங்கே வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அதனால் நான் இல்லாத வீட்டில் நடந்த ஒரு மாற்றம் எனக்குத் தெரியாமலே போயிற்று. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

இங்கே கப்பித்தானா லூர்தஸை நான் தினமும் பார்த்தேன். காலையில் கயிறு. பகலில் பராங்காய் கூடத்தில் வேலித் தகராறு, குடிகாரக் கணவன், சாக்கடை அடைப்பு. புயல் வரும் என்று ரேடியோ சொன்னால் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கடலோரக் குடிசைகளுக்கு அவரே நடப்பார். ஒருமுறை ஆலைப் புகைபோக்கியின் வடிகட்டி பழுதாகி ஊர் முழுக்கத் தூசி விழுந்தது. அவர் எங்கள் மேனேஜர் அறைக்கு வந்து, கொடியில் காய்ந்த தன் வெள்ளைச் சட்டையை மேசைமேல் விரித்துப் போட்டார். மேனேஜர் சட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நாங்கள் அன்றே சூளையை நிறுத்தினோம். அவருடைய கணவர் நெஸ்டர் சாது. மோட்டார் ரிக்‌ஷா ஓட்டுவார், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பான்சித் என்னும் சேமியா கிளறிப் போடுவார், மனைவியின் குடையை மறக்காமல் எடுத்துவருவார். எனக்கு அந்த மனிதர்மேல் உள்ளூர இளக்காரம்தான் இருந்தது.

மார்ச் மாதம் இங்கே பெண்களுக்கான மாதம். இரண்டாவது வருட மார்ச்சில், நகராட்சி மண்டபத்தில் பெண் தலைவர்களைக் கௌரவிக்கும் விழா நடந்தது. ஆலை சார்பில் யாராவது போகவேண்டும் என்றார்கள். வெளிநாட்டுக்காரன் போனால் மதிப்பாக இருக்கும் என்று என் தலையில் கட்டினார்கள். கொளஞ்சி வைத்த பொன்னாடை ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

அன்று மேடையேறியவர்களை என்னால் மறக்க முடியாது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து துணை மேயரான ஓர் அம்மாள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் போகாத மலைக் குடியிருப்புகளுக்கு ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கிய ஒரு சுகாதாரத் தொண்டர். அவருக்கு முழங்கால் போய்விட்டிருந்தது, மேடைப் படியில் பக்கவாட்டாக ஏறினார், மண்டபமே எழுந்து நின்றது. புயலுக்குப் பிறகு கடற்கரையில் அடுப்பு மூட்டி, தன் வீட்டுக் கூரை பறந்துபோனதைக்கூடப் போய்ப் பார்க்காமல் ஊருக்குச் சமைத்துப் போட்ட ஒரு மீன்காரப் பெண். இந்த நாட்டில் குடியரசுத் தலைவராகவே பெண்கள் இருந்திருக்கிறார்கள். நமக்கும் டெல்லியிலும் கோட்டையிலும் பெண்கள் ஆண்டது புதிதில்லை. மேலே இருக்கும் பெண்ணைக் கும்பிட நமக்குச் சிரமமே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நமக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்களை மேடையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

கௌரவிக்கப்படுகிறவரோடு வீட்டுக்காரர்களும் மேடையேறுவது இங்கே வழக்கம். கப்பித்தானா லூர்தஸின் பெயரைக் கூப்பிட்டதும் நெஸ்டரும் குடையோடும் கைப்பையோடும் கூட ஏறினார். என்னை அழைத்தார்கள். பொன்னாடையை விரித்தேன். கேமராக்காரர் குனிந்தார். நான் நேராகப் போய், கப்பித்தானாவைத் தாண்டி, நெஸ்டரின் தோளில் போர்த்தி, கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தன்னால் போயிற்று. தலைவி என்றால் பொன்னாடை கணவனுக்கு. ஊரில் நான்கு வருடம் அப்படித்தானே நானே வாங்கிப் போர்த்திக்கொண்டேன். கேமராக்காரர் கேமராவை இறக்கினார். நெஸ்டர் ஜரிகைக்குள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கப்பித்தானாதான் பேசினார். "உங்கள் நாட்டில் கணவருக்குத்தான் போர்த்துவீர்களா?" கோபமில்லை, கேலியுமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. சமாளிக்க நினைத்து, "என் மனைவியும் கப்பித்தானாதான்" என்று உளறினேன். மண்டபம் ஆரவாரம் செய்தது. யாரோ மைக்கை என் கையில் திணித்தார்கள். "அப்படியா! என்னவெல்லாம் செய்தார், சொல்லுங்கள்" என்றார் கப்பித்தானா.

வாயைத் திறந்தேன். தண்ணீர்த் தொட்டி கட்டியது அண்ணன். தெருவிளக்குக்கு அலைந்தது நான். நூலகத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் கொளஞ்சி இருந்தாளா என்பதுகூட ஞாபகமில்லை. ஐந்தரை வருடம் தலைவராக இருக்கும் என் மனைவி செய்தது என்று சொல்ல எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. அவளை எதையும் செய்யவிடாமல் உட்கார்ந்திருந்தவன் நானல்லவா? எதிரே கப்பித்தானா ஆவலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபடியே, "பள்ளிக்கூட நேரத்தில் லாரிகளை நிறுத்தினாள்" என்று சொல்லிவிட்டேன்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கப்பித்தானா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. உலகத்தின் இன்னொரு மூலையில் தன்னைப் போலவே ஒருத்தி சாலையில் நிற்கிறாள் என்று கேட்டால் யாருக்குத்தான் கலங்காது? நெஸ்டர் பொன்னாடையைக் கழற்றி மனைவிக்குப் போர்த்தினார். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டவும் செய்தார். அவர்மேல் நான் வைத்திருந்த இளக்காரம் அந்த இடத்திலேயே செத்தது.

அந்த வாரத்திலேயே கப்பித்தானா ஓர் உறை கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அவர் கயிற்றோடு லாரி முன் நிற்கும் படம் ஒன்று, எளிய ஆங்கிலத்தில் கடிதம் ஒன்று. 'சகோதரி, உங்கள் சாலையில் நீங்கள் நிற்பதைக் கேள்விப்பட்டேன். முதல் வாரம் என் கால்கள் நடுங்கின. உங்களுக்கும் நடுங்கியிருக்கும். அதைப் பற்றி எழுதுங்கள்' என்று இருந்தது. அனுப்பாமல் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவர் தினமும் காலையில் கயிற்றைப் பிடித்தபடி, "அனுப்பினீர்களா?" என்று கேட்டார். அதனால் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதி, மன்னிப்பும் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொளஞ்சிக்கு அனுப்பினேன். சிரித்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கப்பித்தானாவின் கடிதத்தைப் பள்ளித் தலைமையாசிரியையிடம் எடுத்துப்போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எங்கள் பள்ளிக்கூடமும் கல் லாரி போகும் சாலையில்தான் இருக்கிறது. ஒரு கன்றுக்குட்டி அடிபட்டுச் செத்ததிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துத்தான் சாலையைத் தாண்டவைப்பார்கள். அந்தச் சாலையில் ஓடும் லாரிகளில் இரண்டு அண்ணனுடையவை.

மே முதல் தேதி கிராமசபைக் கூட்டம். கொளஞ்சி வழக்கத்துக்கு மாறாக முன்வரிசைக்கு வந்து, காலையிலும் மாலையிலும் பள்ளி நேரத்தில் கல் லாரிகள் ஊருக்குள் வரக்கூடாது என்று தீர்மானம் சொன்னாள். நாற்காலியில் இருந்த அண்ணன் எழுத்தரைப் பார்த்து, "அதெல்லாம் எழுதாத" என்றார். எழுத்தர் பேனாவை மூடினார். கொளஞ்சி போய்க் கையை நீட்டினாள்.

"புத்தகத்த எங்கிட்ட குடுங்க. கையெழுத்து என்னுதுதான? எழுத்தும் என்னுதாவே இருக்கட்டும்."

நின்றபடியே எழுதினாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக வந்து கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "தம்பி, ஒன் பொண்டாட்டி நம்ம வண்டிக்கே ஆப்பு வக்கிறா. எழுதி அடக்கி வய்யி. இல்லன்னா அண்ணன் தம்பின்னு பேச்சு வேண்டாம்." அப்பா இறந்தபின் என்னை ஐ.டி.ஐ. படிக்கவைத்தவர் அண்ணன். அவர் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. 'கொஞ்சம் விட்டுப் பிடி, அண்ணனைப் பகைக்காதே' என்று கொளஞ்சிக்கு எழுதினேன். எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனேன். மூன்று நாளும் காலையில் கயிற்றருகே வேன் நின்றது. மூன்று நாளும் கப்பித்தானா ஜன்னலருகே வந்து, "உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். மூன்றாம் நாள், வேனிலிருந்து இறங்குவதற்குள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மாலை அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அவ தலைவரு. நான் யாருண்ணே சொல்றதுக்கு?" மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அதன்பிறகு நான்கு வருடம் அண்ணன் என்னோடு பேசவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் நடந்ததைக் கொளஞ்சியின் கடிதத்திலிருந்தும், பின்னால் ஊரார் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதிலிருந்தும் தெரிந்துகொண்டேன். தண்ணீர் சேந்தும் கயிறு ஒன்றைச் சாலையில் கட்டிக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள். முதலில் வந்தது அண்ணனுடைய லாரி. ஓட்டியவன் எங்கள் பங்காளி வீட்டுப் பையன். தலையை நீட்டி, "சின்னம்மா, நவுருங்க" என்றிருக்கிறான்.

"சின்னம்மான்னா நவுந்துடுவா. தலைவரு நவுர மாட்டா. என்ஜின அமத்து."

அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "என் வண்டியவே நிறுத்துறியா?"

"ஒங்க வண்டியத்தான் மாமா மொதல்ல நிறுத்தணும். அப்பத்தான் மத்தவன் நிப்பான்."

பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். பின்னால் வந்த லாரிகள் நின்றன. அண்ணனால் எல்லோர் முன்னாலும் தம்பி மனைவியைத் தொட்டு நகர்த்த முடியாது; முறை அப்படி. அந்த முறை ஒருமுறையாவது ஒரு பெண்ணுக்கு உதவியது. ஒரு வாரத்துக்குள் கயிற்றைப் பிடிக்கத் தாய்மார்கள் முறைபோட்டுக்கொண்டார்கள். கொளஞ்சி அலுவலகத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு எழுதிய கடிதத்தில் இப்படி இருந்தது: 'நீங்கள் அங்கே சொன்ன பொய்யை இங்கே உண்மையாக்கிவிட்டேன். கால் நடுங்கியது என்று அந்த அம்மாவிடம் சொல்லவும். இனிமேல் மேடையேறினால் யோசித்துப் பேசவும்.' கப்பித்தானாவுக்கு வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். கால் நடுங்கிய இடத்தை மட்டும் இரண்டுமுறை சொல்லச் சொன்னார். பொய் சொன்னதையும் அப்போதுதான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இதோடு நின்றிருந்தால்கூட எனக்குப் போதும். இரண்டாயிரத்து ஆறில் ஒதுக்கீடு மாறியது. எங்கள் ஊராட்சி பொதுவாயிற்று. அண்ணன் பத்து வருடம் காத்திருந்த நாள். "பொம்பளைங்க முறை முடிஞ்சிபோச்சி" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு மனுத்தாக்கல் செய்தார். மறுநாள் கொளஞ்சியும் செய்தாள். "பொதுன்னா ஆம்பளைக்குன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாளாம். இந்தமுறை சுவரொட்டியில் அவள் படம் மட்டும்தான்.

வாக்கு எண்ணிய நாள் எனக்குப் பகல் ஷிப்ட். சூளையின் கண்ணாடித் துளை வழியாக நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. தோற்றுவிட்டால், இத்தனை நாள் நடந்ததெல்லாம் ஒதுக்கீட்டுத் தயவு என்று ஊர் சொல்லும். கொளஞ்சி மறுபடி அடுப்படிக்குப் போகவேண்டும். சாலையில் கயிறு இருக்காது. இதற்குள் அவளிடம் செல்போன் வந்திருந்தது. பிற்பகலில் என் பையில் மணி அடித்தது. முதலில் பட்டாசுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஜெயிச்சிட்டேங்க" என்றாள். "ஜெயிச்சிட்டோம்" என்று சொல்லவில்லை. அந்த 'நான்' என் காதில் தேனாக விழுந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கி, "அக்கா வந்து கட்டிப்புடிச்சிட்டு, 'என் ஓட்டும் ஒனக்குத்தான்டி கொளஞ்சி'ன்னாங்க. மாமாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். கூட்டத்தைக் கண்டால் படபடவென்று வருகிற என் அண்ணி! நான் அங்கேயே அழுதேன், ஷிப்டில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் பராங்காய் கூடத்தில் நெஸ்டர் பெரிய சட்டியில் பான்சித் கிளறினார். தடுப்பூசி அம்மாள் முழங்கால் வலியோடு வந்தார். பெயரை எப்படிச் சொல்வது என்று என்னிடம் நான்கைந்து முறை கேட்டு, "கப்பித்தானா கொளாஞ்சி!" என்று எல்லோரும் கத்தினார்கள். பிறந்ததிலிருந்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் விடுமுறைக்கு ஊர் போனேன். திருச்சியில் இறங்கி, பாடாலூர் தாண்டி, பெரம்பலூரில் பஸ் மாறினேன். ஊரில் யாரும் என்னைத் தலைவரே என்று கூப்பிடவில்லை. "தலைவரு வூட்டுக்காரர் வந்துட்டாரு" என்றார்கள். அண்ணன் எதிரில் வந்து, "எப்படா வந்த?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார். நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல், போதும் என்றிருந்தது.

பாஸ்போர்ட் புதுப்பிக்கவேண்டியிருந்தது. ஊர்க்காரன் என்பதற்கு ஊராட்சித் தலைவரிடம் ஒரு சான்று வாங்கி வைத்துக்கொண்டால் போலீஸ் விசாரணைக்கு நல்லது என்று பெரம்பலூர் ஏஜென்ட் சொன்னார். காலையில் வீட்டிலேயே கேட்டேன். "ஆபீசுக்கு வாங்க" என்றாள் கொளஞ்சி. போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர் பெஞ்சில் இருந்தார்கள். ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தேன். என் முறை வந்தது.

"இந்த ஊருலதான் குடியிருக்கீங்களா?" என்றாள், பேனாவைத் திறந்தபடி.

"என்ன கொளஞ்சி, ஒனக்குத் தெரியாததா?"

"வூட்டுல தெரியும். இங்க கேட்டுத்தான் எழுதணும். வருசத்துல எத்தன நாளு இருக்கீங்க?"

"முப்பது நாளு."

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது நாள் இருக்கிறவன் எந்த ஊர்க்காரன்? அங்கே இருக்கும்போது என் ஊர் என்று இதைச் சொல்கிறேன். இங்கே வந்தால் மூன்றாம் நாளே அந்தக் கடலோரச் சாலை நினைவில் ஓடுகிறது. கொளஞ்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு எழுதினாள், மடித்துக் கொடுத்தாள், "அடுத்து யாரு?" என்றாள்.

பெரம்பலூர் பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். உண்மையை அப்படியே எழுதியிருந்தாள்: 'மேற்படியார் ஆண்டில் முப்பது நாட்கள் இவ்வூரிலும் மற்ற நாட்களில் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் வசித்து வருகிறார்.' அதற்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு வரி. 'இவருக்கு இவ்வூரில் வீடு உண்டு.' அதன்மேல் பாதியும் தன் பெயர்மேல் பாதியுமாக விழும்படி ஊராட்சித் தலைவர் முத்திரையை அழுத்தி வைத்திருந்தாள்.